சொட்டே விழாமல் குறையும் கூலண்ட்: போகும் இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டுக் காருக்குப் பதினோரு வயது. பெட்ரோல் ஹேட்ச்பேக். போன ஐப்பசியில் ஒரு நாள் பானெட்டைத் திறந்தால், என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட், அதன் பாட்டிலில் கீழ்க்கோட்டுக்கும் கீழே கிடக்கிறது. ஊற்றி நிரப்பினேன். இருபதே நாளில் மறுபடியும் அதே கதை. தரையில் ஒரு சொட்டு இல்லை, ஹீட் முள் நடுவிலேயே நிற்கிறது, வண்டியும் நன்றாகத்தான் ஓடுகிறது. பக்கத்து ஒர்க்ஷாப் மெக்கானிக் ஒரு நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டு, "வெளிய லீக் இல்ல சார். அப்ப ஹெட் கேஸ்கட்தான். ஹெட்டை இறக்கிடலாம், இருபதாயிரத்துக்குள்ள முடிச்சிடலாம்" என்றார். ஹெட் என்பது என்ஜினின் மேல்பகுதி; அதற்கும் கீழே சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கும் இடையில் உள்ள அடைப்புத் தகடுதான் ஹெட் கேஸ்கட்.

கடைசியில் குற்றவாளியாக மாட்டியது தொள்ளாயிரம் ரூபாய் பிளாஸ்டிக் துண்டு. அதைப் பிடிக்க எனக்கு ஆறு வாரம் ஆனது. முன்னும் பின்னுமாகத் தேடியதில் போன நாட்கள்தான் அதில் பாதிக்கு மேல். வரிசையாகப் போயிருந்தால் பத்து நாளில் முடிந்திருக்கும். வெளியே தெரியவில்லை என்றால் உள்ளேதான் என்று முடிவு கட்டுவதுதான் இந்த விஷயத்தில் அதிகப் பணம் தின்னும் தவறு.

கூலண்ட் சுற்று ஒரு மூடிய வட்டம். அதிலிருந்து திரவம் வெளியேற மூன்று வழிகள்தான்: என்ஜினுக்கு வெளியே, கார் அறைக்குள்ளே, அல்லது என்ஜினுக்கு உள்ளே. இந்த மூன்றையும் இதே வரிசையில்தான் சோதிக்க வேண்டும். செலவு இந்த வரிசையில்தான் ஏறுகிறது, பழுதாக இருக்கும் வாய்ப்பு பெரும்பாலும் இதே வரிசையில் இறங்குகிறது.

சொட்டு ஏன் தெரிவதில்லை

சாதாரணத் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். பாதி எத்திலீன் கிளைக்கால், பாதி தண்ணீர் கலந்த கூலண்ட் திறந்த பாத்திரத்தில் சுமார் 107 டிகிரியில் கொதிக்கும். மூடியைப் போட்டு 1.1 பார் அழுத்தத்தில் அடைத்துவிட்டால் கொதிநிலை 125 டிகிரியைத் தாண்டிவிடும். நம் வீட்டு பிரஷர் குக்கர் கணக்குதான்.

இந்த அழுத்தம்தான் ஓட்டையைக் கண்டுபிடிக்க விடாமல் செய்கிறது. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது அழுத்தம் கிடையாது. முடியிழை அளவு விரிசலில் ஒன்றும் வராது. சூடேறி அழுத்தம் ஏறும்போது அதே விரிசல் வாய் திறந்து பனிப்புகை போலத் துப்பும். துப்பியது 90 டிகிரி சூட்டில் இருக்கும் இரும்பிலோ அலுமினியத்திலோ பட்டு அங்கேயே காய்ந்துவிடும். நீங்கள் வீடு வந்து அரைமணி நேரம் கழித்துக் குனிந்து பார்க்கும்போது தரை காய்ந்துதான் இருக்கும்.

இதற்கு நேர் எதிரான கசிவும் உண்டு. கிளிப் தளர்ந்த ஹோஸ் சூட்டில் விரிந்து இறுகிக்கொள்ளும். ராத்திரி குளிர்ந்ததும் சுருங்கி ஓரிரண்டு சொட்டு விடும். மார்கழி காலையில் மட்டும் தரையில் ஈரம் தெரிகிறது என்றால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

முதல் வேலை: உண்மையிலேயே குறைகிறதா என்று அளப்பது

சூடான என்ஜினில் பார்த்த அளவையும் குளிர்ந்ததில் பார்த்த அளவையும் ஒப்பிட்டுவிட்டு "குறைந்துவிட்டது" என்று பதறுபவர்கள் நிறைய. சிறிய காரில் மொத்தம் நான்கிலிருந்து ஆறு லிட்டர் கூலண்ட் இருக்கும். அறை வெப்பத்திலிருந்து 90 டிகிரிக்குப் போகும்போது அது சுமார் நான்கு சதவீதம் விரியும். ஐந்து லிட்டருக்கு 200 மில்லி. பாட்டிலில் மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் இடையில் உள்ள தூரமே கிட்டத்தட்ட அவ்வளவுதான் பல வண்டிகளில்.

எனவே, தினமும் காலையில், ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், அதே சமதளத்தில் பாருங்கள். பாட்டிலில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பைச் செங்குத்தாக ஒட்டி, இன்றைய அளவில் பேனாவால் கோடு போட்டுத் தேதியும் கிமீ அளவும் எழுதுங்கள். ஒரு வாரம் ஒன்றும் ஊற்றாமல், கீழ்க்கோட்டுக்கு மேலே இருக்கும்வரை, ஓட்டிப் பாருங்கள். அப்புறம் மருந்துக் கடையில் வாங்கிய 50 மில்லி சிரிஞ்சால் முதல் கோடு வரை ஊற்றினால், எத்தனை மில்லி போயிருக்கிறது என்று துல்லியமாகத் தெரிந்துவிடும்.

அளவோடு அன்றைய ஓட்டத்தையும் குறித்து வையுங்கள். ஊருக்குள் மட்டுமா, நெடுஞ்சாலையா, மலையேற்றமா, சும்மா நின்றதா? என் நோட்டில் இருந்தது இது: சேலத்துக்குள் அலுவலகம், பள்ளி என்று ஐந்து நாள் ஓட்டியதில் பேனாக் கோட்டின் தடிமன் அளவுகூட இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டுக்கு, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கி வந்ததில் 120 மில்லி காணோம். இந்த ஒரு வரியே பாதி வழக்கை முடித்துவிட்டது. சூடும் அழுத்தமும் நீண்ட நேரம் இருந்தால்தான் போகிறது. நிற்கும்போது போவதில்லை.

இந்தக் குறிப்பை இப்படிப் படிக்கலாம். ஓடாமல் நின்றே குறைந்தால் கிளிப், ஹோஸ், அல்லது கூலண்டைச் சுற்றவிடும் வாட்டர் பம்பின் சீல். டிராஃபிக்கில் நின்று நின்று போனால் மட்டும் குறைந்தால் ஃபேன் அல்லது மூடி. மலையிலும் நெடுஞ்சாலையிலும் மட்டும் என்றால் சூட்டில் திறக்கும் விரிசல், அல்லது ஆரம்ப நிலையில் உள்ள ஹெட் கேஸ்கட். எப்படி ஓட்டினாலும் ஒரே வேகத்தில் குறைந்தால் தேடல் பெரும்பாலும் சுலபம்; எங்காவது ஈரம் கண்ணில் படும்.

ஒரு விதிவிலக்கு. சமீபத்தில் கூலண்ட் மாற்றியிருந்தால், ரேடியேட்டரோ ஹோஸோ கழற்றியிருந்தால், முதல் ஒரு வாரம் அளவு இறங்குவது இயல்பு. உள்ளே மாட்டிய காற்று கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகிறது. அதன்பின் நின்றுவிட வேண்டும்.

உங்கள் பாட்டில் எந்த வகை?

பல ஜப்பானிய, கொரிய வகைக் கார்களில் ரேடியேட்டரின் தலையிலேயே அழுத்த மூடி இருக்கும். பக்கத்தில் உள்ள பாட்டில் வெறும் வழிந்தோடும் தொட்டி, அதில் அழுத்தம் கிடையாது. ஐரோப்பிய வடிவமைப்புக் கார்களில் ரேடியேட்டரில் மூடியே இருக்காது. தடிமனான பிளாஸ்டிக் பாட்டிலில்தான் திருகு மூடி, அந்தப் பாட்டிலும் முழு அழுத்தத்தில் இருக்கும்.

முதல் வகையில் ஒரு பெரிய ஏமாற்று உண்டு. என்ஜின் குளிரும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, மூடியின் நடுவில் உள்ள சின்ன வால்வு திறந்து, பாட்டிலிலிருந்து கூலண்டைத் திரும்ப இழுத்துக்கொள்ள வேண்டும். அந்த வால்வு ஒட்டிக்கொண்டாலோ, பாட்டிலுக்குப் போகும் மெல்லிய குழாய் வெடித்திருந்தாலோ இழுப்பு வேலை செய்யாது. பாட்டில் நிறைந்து நிற்கும், ரேடியேட்டர் காலியாகிக்கொண்டே போகும். "பாட்டில்ல ஃபுல்லா இருந்துச்சே அண்ணே" என்று சொல்லிக்கொண்டு கொதித்த வண்டியோடு வருபவர்கள் இந்த வகைதான். குளிர்ந்த என்ஜினில் மேல் ஹோஸ் சப்பிப் போயிருந்தால் அதுவே அடையாளம். ஆகவே இந்த வகைக் காரில் பாட்டிலை மட்டும் பார்க்காமல், குளிர்ந்தபின் ரேடியேட்டர் மூடியையும் திறந்து வாய்வரை இருக்கிறதா என்று பாருங்கள்.

சூடாக இருக்கும்போது மூடியில் கை வைக்கவே கூடாது. துணி சுற்றித் திறக்கலாம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். அழுத்தம் போனதும் 110 டிகிரியில் இருக்கும் திரவம் ஒரே கணத்தில் கொதித்து முகத்துக்கு வரும். மேல் ஹோஸை அழுத்தினால் தொளதொள என்று இருக்க வேண்டும், தொட்டால் சுடக் கூடாது. அதுவரை காத்திருங்கள்.

மூடியும் ஃபேனும்: சொட்டே இல்லாத இரண்டு காரணங்கள்

எதையும் கழற்றும் முன் மூடியைச் சோதியுங்கள். மேலேயே 0.9 அல்லது 1.1 என்று அழுத்த அளவு அச்சிட்டிருக்கும். ரப்பர் வளையம் வெடித்திருந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ குறித்த அழுத்தத்துக்கு முன்பே திறந்து ஆவியாக விட்டுவிடும். கொஞ்ச நஞ்சமாகப் போகும். தடயம் மூடியைச் சுற்றி வெள்ளையாகவோ, கூலண்ட் நிறத்திலோ படியும் பொருக்கு மட்டும்தான். சில நூறு ரூபாய் சமாச்சாரம், அதே அழுத்த எண் உள்ள புதிய மூடி வாங்கிப் போடலாம். "கூட அழுத்தம் தாங்கும்" என்று அதிக எண் உள்ளதை மாட்டிவிடாதீர்கள். பழைய ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டிதான் அடுத்து வெடிக்கும்.

ஃபேன் சோதனைக்கு ஏசியை அணைத்துவிட்டு நின்ற இடத்திலேயே என்ஜினை ஓட விடுங்கள். ஏசி போட்டால் ஃபேன் தானாகவே ஓடும், அதனால் சோதனை செல்லாது. சுமார் 95 முதல் 100 டிகிரி வரும்போது ஃபேன் போட வேண்டும், கொஞ்ச நேரத்தில் நிற்க வேண்டும். வண்டியின் கம்ப்யூட்டரிலிருந்து அளவுகளைப் படிக்கும் ஓபிடி கருவி ஒன்றை மாட்டி செல்போனில் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே செய்வது நல்லது. டேஷ்போர்டு முள்ளை நம்ப வேண்டாம். பல கார்களில் கம்பெனியே அதை அப்படி அமைத்திருக்கிறது: 80 முதல் 105 வரை எதுவாக இருந்தாலும் நடுவில் நிற்கும். பார்ப்பவர் பயப்படக் கூடாதாம்! போதாக்குறைக்கு, கூலண்ட் சென்சாருக்குக் கீழே இறங்கிவிட்டால் சென்சார் காற்றில் தொங்கிக்கொண்டு குறைவான வெப்பத்தைக் காட்டும். வண்டி வேகும்போதும் முள் சமர்த்தாக இருக்கும்.

வெளிக்கசிவைத் தேடுவது

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். என்ஜினுக்கு அடியில் கறுப்புப் பிளாஸ்டிக் தட்டு இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். ஒரு நாளைக்கு இருபது மில்லி கசிந்தாலும் அந்தத் தட்டு தாங்கிக்கொண்டு தரைக்கு விடாது.

பளிச்சென்ற டார்ச், கைப்பிடி வைத்த சின்னக் கண்ணாடி, ஒரு கட்டு வெள்ளை டிஷ்யூ. இதுபோதும். கண்ணாடி இல்லையென்றால் செல்போனை வீடியோவில் போட்டு டார்ச்சோடு இடுக்குகளில் நுழைத்து எடுத்து, பிறகு நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ஈரத்தைத் தேடாதீர்கள், பொருக்கைத் தேடுங்கள். கூலண்டின் தண்ணீர் காய்ந்துவிடும். அதில் கலந்த துரு தடுப்பு உப்பும் சாயமும் காயாது. வெள்ளை, பச்சை, இளஞ்சிவப்புத் தடம் எங்கே இருந்தாலும் அதற்கு மேலே எங்கோ வாய் இருக்கிறது. காற்று பின்னோக்கி அடிப்பதால் கசியும் இடம் பெரும்பாலும் தடத்துக்குக் கொஞ்சம் முன்னேயும் இருக்கும்.

ரேடியேட்டரில் அலுமினியப் பகுதியும் பிளாஸ்டிக் தொட்டியும் மடித்து அடிக்கப்பட்ட விளிம்பு முதல் சந்தேகம். ஹோஸ் முனைகள் ஒவ்வொன்றையும் விரலால் தடவி டிஷ்யூவில் ஒற்றுங்கள். வாட்டர் பம்பின் அடியில் சின்ன ஓட்டை ஒன்று வேண்டுமென்றே விடப்பட்டிருக்கும். உள்சீல் தேய்ந்தால் அதன் வழியாகத்தான் முதலில் ஒழுகும். அந்த ஓட்டைக்குக் கீழே கோடு இழுத்தது போல் தடம் இருந்தால் பம்ப் முடிந்தது. என்ஜின் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டே பம்பையும் சுழற்றும் என்ஜினில் இதைத் தள்ளிப்போடக் கூடாது. கூலண்ட் பெல்ட்டில் பட்டு, பம்ப் இறுகினால், செலவு வேறு கணக்குக்குப் போய்விடும். பிளாக்கின் பக்கவாட்டில் வட்டமாக அடித்திருக்கும் தகட்டு மூடிகள் (வெல்ஷ் பிளக்குகள்) துருப்பிடித்து ஊறும், அதிலும் வருடக்கணக்கில் போர் தண்ணீரை ஊற்றி ஓட்டிய வண்டிகளில்.

தெர்மோஸ்டாட் (சூட்டைப் பொறுத்துக் கூலண்டுக்கு வழிவிடும் வால்வு) இருக்கும் கூடு, ஹெட்டின் பின்பக்கம் கூலண்ட் வெளியேறும் கூடு, டி வடிவ இணைப்பு எல்லாமே இப்போது பிளாஸ்டிக். பத்து வருடச் சூட்டில் அவை அப்பளம் மாதிரி ஆகிவிடுகின்றன. என் வண்டியில் போனதும் இதில் ஒன்றுதான். கியர்பாக்ஸுக்கு நேர் மேலே, பேட்டரிக்கும் ஏர் ஃபில்டர் பெட்டிக்கும் பின்னால் ஒளிந்திருந்தது. கசிந்ததெல்லாம் கியர்பாக்ஸ் முதுகில் உள்ள பள்ளத்தில் விழுந்து அங்கேயே காய்ந்திருக்கிறது. ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றாமல் எந்தக் கோணத்தில் குனிந்தாலும் தெரியாது.

பிரஷர் டெஸ்ட், முதலில் குளிரில், பிறகு சூட்டில்

கண்ணுக்குச் சிக்காவிட்டால் அடுத்தது இது. சைக்கிள் பம்ப் மாதிரி ஒரு கைப்பம்பும் அழுத்தமானியும். மூடியின் இடத்தில் அடாப்டரோடு மாட்டுவது. ஓரளவு பெரிய ஒர்க்ஷாப்பில் இருக்கும், ஆன்லைனிலும் கிடைக்கிறது. குளிர்ந்த என்ஜினில் மாட்டி, மூடியில் எழுதிய அளவுக்கு மட்டும் அடியுங்கள், அதற்கு மேல் ஒரு புள்ளிகூட வேண்டாம். இருபது நிமிடம் முள் அசையாமல் நிற்க வேண்டும். முதலில் பம்பின் சொந்த ரப்பர் வளையமே கசிகிறதா என்று சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் ஒரு மாலை முழுவதும் என் பம்பின் கசிவைத்தான் துரத்திக்கொண்டிருந்தேன்.

பல ஒர்க்ஷாப்பில் குளிர் சோதனையோடு நிறுத்திவிடுகிறார்கள். முள் நின்றுவிட்டால் "சிஸ்டம் டைட்டா இருக்கு, அப்ப உள்ளதான்" என்று ஹெட்டை இறக்கச் சொல்வார்கள். என் வண்டியும் குளிரில் அரைமணி நேரம் அசையாமல் நின்றது. சூட்டில்தான் பல் இளித்தது.

சூட்டுச் சோதனைக்கு மூடியைச் சூட்டில் திறக்கத் தேவையில்லை. குளிர்ந்திருக்கும்போதே பம்பை மாட்டி, அடிக்காமல் விட்டு, என்ஜினைப் போடுங்கள். சூடேற ஏற அழுத்தம் தானாக ஏறும். முள்ளை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள், மூடியின் அளவைத் தொடும் முன் என்ஜினை நிறுத்திவிடுங்கள். இப்போது கண்ணாடியும் டார்ச்சுமாகத் தேடுங்கள், விரலை ஃபேன் பக்கம் கொண்டுபோகாமல். அது நிறுத்திய பிறகும் சுழலும். எனக்கு நாலாவது நிமிடத்தில் "ஸ்ஸ்" என்று மெல்லிய சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் கண்ணாடியை நீட்டினால் பிளாஸ்டிக் கூட்டின் தையல் ஓரத்தில் ஊசி முனை அளவு நுரை.

இதே சோதனை ஹெட் கேஸ்கட்டையும் காட்டிக்கொடுக்கும். குளிர்ந்த என்ஜினைப் போட்ட ஒன்றிரண்டு நிமிடத்திலேயே, கூலண்ட் சூடேற வழியே இல்லாத நேரத்தில், முள் விறுவிறுவென்று ஏறினால் அது சூட்டின் அழுத்தம் ஆகாது. எரிந்த வாயு சிலிண்டரிலிருந்து கூலண்டுக்குள் வருகிறது.

அப்படியும் சிக்காவிட்டால் யூவி (புற ஊதா) ஒளியில் மின்னும் சாயம். கூலண்டில் கலந்து இரண்டு மூன்று நாள் ஓட்டி, இருட்டில் யூவி டார்ச் அடித்தால் கசிந்த இடம் மஞ்சள் பச்சையாக மின்னும். சாயம் கலக்கும் முன் ஒரு தடவை டார்ச் அடித்துப் பாருங்கள். பல கூலண்டுகள் இயல்பாகவே மின்னும், அப்போது சாயச் செலவே மிச்சம்.

கார் அறைக்குள்

நம் ஊரில் யாரும் ஹீட்டர் போடுவதில்லை, அதனால் அப்படி ஒன்று இருப்பதே மறந்துபோகிறது. டேஷ்போர்டுக்குள் சின்ன ரேடியேட்டர் ஒன்று இருக்கிறது. பல கார்களில் ஹீட்டர் போட்டாலும் போடாவிட்டாலும் கூலண்ட் அதன் வழியாக ஓடிக்கொண்டேதான் இருக்கும். அது கசிந்தால் கால் வைக்கும் கார்பெட் அடியில் ஈரம், உள்ளே இனிப்பான வாசனை, கண்ணாடியின் உள்பக்கம் துடைத்தாலும் போகாத எண்ணெய்ப் படலம்.

கார்பெட் ஈரம் என்றதும் பதற வேண்டாம். ஏசியின் தண்ணீர் வடியும் குழாயில் குப்பை அடைத்தாலும் கார்பெட் நனையும், அதுதான் அடிக்கடி நடப்பது. வெள்ளை டிஷ்யூவை அழுத்தி எடுங்கள். ஏசி தண்ணீர் நிறமின்றி, காய்ந்தால் தடமின்றிப் போகும். கூலண்ட் பிசுபிசுக்கும், சாயம் ஏறும். நாக்கில் வைத்துப் பார்க்கும் மெக்கானிக்குகளை நானே பார்த்திருக்கிறேன். எத்திலீன் கிளைக்கால் விஷம். இனிப்பாக இருப்பதால்தான் அதிக ஆபத்து. தெருநாயும் குழந்தையும் அந்த இனிப்புக்காகவே நக்கும். வடித்த கூலண்டை வாசலில் சாக்கடை ஓரம் ஊற்றாமல், மூடிய கேனில் ஒர்க்ஷாப்பிலேயே கொடுத்துவிடுங்கள்.

கடைசியாகத்தான் என்ஜினுக்கு உள்ளே

மேலே சொன்ன எல்லாம் முடிந்து, பிரஷர் டெஸ்டில் முள் இறங்குகிறது, வெளியேயும் அறைக்குள்ளும் ஈரமே இல்லை என்றால் மட்டும் இந்தப் பக்கம் வாருங்கள்.

எல்லோரும் சொல்லும் இரண்டு அடையாளங்கள் அரைகுறையானவை. ஒன்று, சைலன்சரில் வெள்ளைப் புகை. ஊட்டியில் காலை ஆறு மணிக்கு எல்லா வண்டியும் வெள்ளையாகத்தான் விடும், அது நீராவி. என்ஜின் நன்றாகச் சூடான பிறகும், வெயிலிலும், இனிப்பு வாசனையோடு தொடர்ந்து வந்தால்தான் கணக்கு. இரண்டு, ஆயில் மூடியின் அடியில் பால்கோவா நிறத்தில் படலம். குளிர்ப் பிரதேசத்தில் தினம் இரண்டு கிமீ மட்டும் ஓட்டும் வண்டியில் ஈரப்பதம் படிந்தே அது வரும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியில் (டிப் ஸ்டிக்) ஆயில் முழுவதும் டீ நிறமாகியிருந்தால், அல்லது ஆயில் அளவு தானாக ஏறியிருந்தால்தான் பயப்பட வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஹெட் கேஸ்கட் போன எல்லா வண்டியிலும் ஆயில் கலங்காது. கேஸ்கட் சிலிண்டருக்கும் கூலண்ட் வழிக்கும் இடையில் மட்டும் போயிருந்தால் ஆயில் கண்ணாடி போல் இருக்கும்.

நம்பகமான சோதனை நீலத் திரவம். கூலண்ட் வாயின் மேல் ஒரு கண்ணாடிக் குழாயை வைத்து, அங்கே சேரும் காற்றை நீல நிறத் திரவத்தின் வழியாக இழுப்பார்கள். எரிந்த வாயுவில் உள்ள கார்பன் டை ஆக்சைடு அதில் இருந்தால் திரவம் மஞ்சளாகும். கூலண்டையே உறிஞ்சிவிடாமல், அளவைக் கொஞ்சம் இறக்கி வைத்துச் செய்ய வேண்டும். டீசல் சும்மா நின்று ஓடும்போது அதன் வாயுவில் கார்பன் டை ஆக்சைடு குறைவு, அதனால் ஒரு மலையேற்றம் போய்வந்த கையோடு, ஆக்சிலரேட்டர் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். நிறம் பச்சையோடு நின்றாலும் சந்தேகம்தான்.

பெட்ரோல் என்ஜினில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்துப் பாருங்கள். மூன்று பிளக் காவி நிறம், ஒன்று மட்டும் சோப்புப் போட்டுக் கழுவியது போல் பளபளப்பு என்றால், அந்தச் சிலிண்டரை நீராவி கழுவிக்கொண்டிருக்கிறது. ராத்திரி முழுவதும் பிரஷரில் விட்டு, காலையில் அந்தப் பிளக் ஓட்டையில் கேமரா நுழைத்துப் பார்த்தால் பிஸ்டன் தலையில் தேங்கியது தெரியும். பிளக்கை மாட்டியபடி மட்டும் ஸ்டார்ட் பண்ணிவிடாதீர்கள். தேங்கிய திரவம் அமுங்காது, பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடுதான் வளையும்.

ஹெட்டை இறக்கச் சொல்லும் முன் இன்னும் மூன்று இடம். டீசலில் இஜிஆர் கூலர்: என்ஜினுக்கே திரும்பப் போகும் புகையைக் குளிர்விக்க அதற்குள் கூலண்ட் ஓடுகிறது, உள்ளே விரிசல் விட்டால் கூலண்ட் நேராக எரிந்து சைலன்சர் வழியாகப் போய்விடும், ஆயிலும் சுத்தமாக இருக்கும். கூலரை வெளியே எடுத்துத் தனியாக அழுத்தம் வைத்துப் பார்ப்பது ஹெட்டை இறக்குவதில் பாதி வேலைகூட இல்லை. டர்போவுக்குப் போகும் கூலண்ட் குழாய்களையும் பாருங்கள். மூன்றாவது ஆயில் கூலர். அது போனால் பாட்டிலில் எண்ணெய் மிதக்கும். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியில் ரேடியேட்டருக்குள்ளேயே கியர் ஆயில் குளிர்விப்பான் இருந்து, பாட்டிலில் ரோஸ்மில்க் மாதிரி தெரிந்தால் வண்டியை அங்கேயே நிறுத்தி டோ பண்ணுங்கள். ஓட்ட ஓட்ட கியர்பாக்ஸ் கெடும்.

எதுவரை ஓட்டலாம்?

ஆயிலும் கியர் ஆயிலும் சுத்தமாக இருந்து, வாரத்துக்கு ஐம்பது, நூறு மில்லி வெளிக்கசிவுதான் என்றால், தினம் காலையில் பார்த்து நிரப்பிக்கொண்டு ஊருக்குள் ஓட்டலாம் என்பது என் கணக்கு. மலைக்கும் நெடுந்தூரத்துக்கும் வேண்டாம். நீலத் திரவம் மஞ்சளாகியிருந்தால் ஒர்க்ஷாப் வரை மட்டும்.

வழியில் வற்றிவிட்டால்? லாரிக்காரர்கள் ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போட்டு ஓட்டையை அடைத்து ஊர் சேர்ந்த கதை எல்லோருக்கும் தெரியும். அகலமான பித்தளைக் குழாய் ரேடியேட்டர் காலத்து வைத்தியம் அது. இன்றைய அலுமினிய ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் ஹீட்டரையும்தான் முதலில் அடைக்கும். டப்பாவில் வரும் லீக் அடைப்பானும் அப்படித்தான். குளிரவிட்டு, கிடைத்த குடிதண்ணீரை ஊற்றி மெதுவாகப் போவதே மேல். பிறகு அதை வடித்துவிட வேண்டும்.

சரிசெய்த பிறகு

கூலண்டை நிறம் பார்த்து வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு, நீலத்துக்குப் பொது விதி எதுவும் இல்லை, ஒரே நிறத்தில் வேறு வேறு ரசாயனம் இருக்கும். வண்டியின் கையேட்டில் சொன்ன வகையைப் பாருங்கள். அடர்த்தியானதை வாங்கினால் கலக்க பெட்ரோல் பங்கில் விற்கும் பேட்டரி தண்ணீர் போதும். அது உப்பு நீக்கிய தண்ணீர்தான், ஆசிட் கிடையாது. போர் தண்ணீரின் உப்பு உள்ளே பாறையாகப் படியும்.

மெதுவாக ஊற்றுங்கள். ஹீட்டரை அதிகச் சூட்டில் வைத்து, காற்று நீக்கும் திருகு இருந்தால் அதில் குமிழி நின்று திரவம் வரும்வரை திறந்து விட்டு, ஃபேன் இரண்டு தடவை போட்டு நிற்கும்வரை ஓடவிடுங்கள். ஹீட்டரில் சூடான காற்று வராவிட்டால் உள்ளே மாட்டிய காற்று (ஏர் லாக்) இன்னும் இருக்கிறது. மறுநாள் காலை குளிரில் பார்த்து நிரப்பி, புது டேப் ஒட்டிக் கோடு போடுங்கள்.

எனக்கு அந்தக் கூடு, ஓ ரிங், கூலண்ட், கூலி எல்லாம் சேர்த்து மூவாயிரத்துக்குள் முடிந்தது. அதன்பின் இரண்டு முறை ஏற்காடு போய்வந்தாயிற்று. டேப்பில் கோட்டிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது, அதுவும் முதல் வாரத்தில் காற்று வெளியேறியபோது இறங்கியது.